படம் எடுத்தவன்

கேமராவைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்னால் நெவன் இரண்டு தடவை கை கழுவினான். ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் சூரை மீன் வளர்க்கும் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களின் கையை மத்தி வாசம் விட்டுப் போகாது. கடலில் வட்டம் வட்டமாக மிதக்கும் வலைக்கூண்டுகளுக்குள் நாள் முழுக்க உறைந்த மத்தியை அள்ளிப் போடுகிற கை அது. சோப்புக்கும் மசியாது, எலுமிச்சைக்கும் மசியாது.

"எனக்காக ஒரு நாளாவது இப்படிக் கை கழுவிட்டு வந்திருக்கியா நீ?" என்றாள் லீயான். சோபாவில் காலை நீட்டி, நிறைமாத வயிற்றின் மேல் டீக் கோப்பையை நிறுத்திவைத்திருந்தாள்.

"நீ புதுசா வந்தப்ப கழுவினேன்."

"அடப்பாவி."

அவன் சிரித்துக்கொண்டே அட்டையை விலக்கினான். உள்ளே நுரைப் பஞ்சுக்குள் படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, பிடிக்கிற இடத்தில் சொரசொரப்பான ரப்பர், புது பிளாஸ்டிக்கின் மணம். கையில் எடுத்ததும் அதன் கனம் அவனுக்குப் பிடித்துவிட்டது. படகில் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்திருந்த டிஜிட்டல் கேமராக்கள் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து எடுப்பார்கள். இது அப்படி இல்லை. கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தான். அறை முழுவதும் இருட்டாகி, நடுவில் சின்னச் சன்னல் ஒன்று திறந்த மாதிரி இருந்தது. அந்தச் சன்னலில் லீயானின் வீங்கிய பாதம் மட்டும் தெரிந்தது. பொத்தானை லேசாக அழுத்தினால் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கி, மங்கலாக இருந்ததெல்லாம் சட்டென்று துலங்கியது. இன்னும் அழுத்தினால் 'ட்சக்' என்று ஒரு சத்தம்.

"இந்தச் சத்தத்தைக் கேளேன்," என்றான்.

"கேட்டேன். என் காலையா எடுத்த?"

"முதல் படம்."

"மூஞ்சின்னு ஒண்ணு இருக்கு எனக்கு."

நெவன் எந்தப் பொருளுக்கும் இப்படி ஆசைப்பட்டவன் இல்லை. இதற்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது. அவன் பெற்றோர் குரோவேஷியாவின் கடலோரத்திலிருந்து இங்கே மீன்பிடிக்க வந்தவர்கள். அப்பாவிடம் அந்தக் காலத்திலேயே கேமரா இருந்தது. ஆனால் வீட்டு ஆல்பத்தில் இருப்பதெல்லாம் மீன். தொங்கவிட்ட சூரை, படகுத் தளத்தில் கிடத்திய சூரை, சூரையோடு நிற்கும் அப்பா. நெவனும் அவன் அக்கா வெஸ்னாவும் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால், "கொழந்தைங்க எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்," என்பார் அப்பா. தன் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்று நெவன் முடிவு செய்திருந்தான்.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் பழகினான். தோணித்துறையில் பெலிக்கன் பறவைகளை எடுத்தான். கரையோரத் தானியக் கிடங்குகளை எடுத்தான். லீயானைச் சமையலறையில், வராந்தாவில், கார் கதவைத் திறக்கும்போது எடுத்தான். கேமராவின் தலையில் கிளம்பும் பிளாஷைப் போட்டால் மூஞ்சி மாவு பூசினது போல ஆகிறது, சன்னல் பக்கம் நிறுத்தி எடுத்தால் மனிதர் மனிதராகத் தெரிகிறார் என்று தானாகவே கண்டுபிடித்தான். அதை ஏதோ பெரிய ரகசியம் போல அவளிடம் சொன்னான். அவள் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். "இது எனக்குத் தெரியாதா? கண்ணாடியை எதுக்கு சன்னலுக்கு நேரா மாட்டியிருக்கேன்னு நெனச்ச?" என்றாள்.

கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "என் வயித்தையும் பெலிக்கனோட தாடைப் பையையும் ஒரே மாதிரி எடுத்து வெச்சிருக்க."

"ரெண்டும் நெறைஞ்சிருக்குல்ல."

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையை அவன்தான் கட்டினான்.

"நாப்கின் வெச்சியா?"

"பேட்டரி வெச்சேன். ரெண்டு."

"கொழந்தைக்கு அதைக் கட்டிவிடு. இங்க பாரு நெவ், நான் கத்திக்கிட்டிருக்கறப்ப என்னை எடுக்காத. தலை வாரின அப்புறம் எடு."

செப்டம்பரில் ஒரு காற்று நாள். லீயான் கடையில் ஒரு பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியைப் பிடித்த கை திடீரென்று நின்றது. காலையிலிருந்து குழந்தை உதைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போதும் அவள் நின்று வேலை செய்யும்போது உள்ளே ஒரு ரகளை நடக்கும். குளிர்ந்த லெமனேட் குடித்துப் பார்த்தாள். பின்கட்டில் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து படகுக்குச் சொல்லச் சொன்னாள்.

நெவன் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே ஆஸ்பத்திரிக்குள் ஓடினான். ஸ்கேன் பார்த்த டாக்டர் இளம்பெண். கருவியை வயிற்றில் மெதுவாக நகர்த்தினாள், நிறுத்தினாள், இன்னும் மெதுவாக நகர்த்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு லீயானின் முகத்தைப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க. இதயத்துடிப்பு இல்ல."

"இன்னொரு தடவை பாருங்க," என்றான் நெவன்.

பார்த்தார்கள். இன்னொரு டாக்டர் வந்தும் பார்த்தார். யாராலும் தடுத்திருக்க முடியாது, காரணம் தெரியாமலே சில சமயம் இப்படி நடந்துவிடுகிறது என்று சொன்னார். நெவன் தலையாட்டினான். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இதற்கு மேலும் லீயான் வலியெடுத்துத்தான் பெற வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மயக்கம் கொடுத்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தான். அவள் பட்டாள். அவன் பக்கத்தில் நின்று, அவள் நசுக்கிய கையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம் குழந்தை வந்தது. பெண். யார் யாரோ மெல்லப் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கேட்க வேண்டிய சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பிரசவ வார்டின் மூத்த நர்ஸ் பெயர் பட்ரீஸ். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட, நிதானமான பெண்மணி. குழந்தையைத் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, உயிரோடு இருக்கும் பிள்ளையைத் தருவது போலவே தலைக்கு ஒரு கை கொடுத்து லீயானிடம் தந்தார். நெவன் சன்னலருகே போய் நின்றுகொண்டான். திரை இறக்கியிருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெவ், வந்து பாரு. முடி எவ்ளோ இருக்கு பாரு," என்றாள் லீயான். அழுது ஓய்ந்த குரல்.

"பாக்கறேன்."

பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பட்ரீஸ் அவன் பக்கத்தில் வந்து நின்றார். "கேமரா ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா, கண்ணு?"

"இருக்கு. எடுக்க மாட்டேன்."

"இப்பப் பாக்கணும்னு இல்ல. எடுத்து வெச்சுக்கங்க. வேணும்னு தோணுறப்ப இருக்கணும்ல."

"எதை எடுக்கச் சொல்றீங்க?" என்றான் அவன், பல்லைக் கடித்தபடி. "எதை?"

கட்டிலிலிருந்து லீயான் சொன்னாள்: "எனக்கு வேணும். நீ எடுக்கலைன்னா வெஸ்னா எடுக்கட்டும்."

வெஸ்னா அப்போதுதான் வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பையிலிருந்து கேமராவை எடுத்து எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்தாள். எதையோ அழுத்தினாள். லென்ஸ் முன்னும் பின்னும் உருண்டது. இன்னொரு தடவை அழுத்தினாள். கேமராவின் தலையில் பிளாஷ் துள்ளி எழுந்து, மங்கலான அறை ஒரு கணம் வெள்ளை வெளேரென்று ஆனது.

நெவன் எரிச்சலோடு திரும்பினான். லீயான் கண்ணை இறுக மூடியிருந்தாள். பட்ரீஸ் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்திருந்தார். வெஸ்னாவே கூசி முகத்தைத் திருப்பியிருந்தாள். மஞ்சள் துணிக்குள் இருந்த முகம் மட்டும் சலனமில்லாமல் இருந்தது. தன் மகளை அவன் முதலில் பார்த்தது அப்படித்தான்.

"பிளாஷ் போடாதக்கா," என்றான். "அவளுக்கு வேணாம். குடு இங்க."

கேமராவை வாங்கி, பிளாஷை விரலால் அமுக்கி மூடினான். சன்னல் திரையை மேலே ஏற்றினான். அவன் பழகியிருந்த வெளிச்சம் கட்டில்மேல் வந்து விழுந்தது. கண்ணோடு கேமராவை ஒட்டினான்.

வெறும் கண்ணால் பார்க்க முடியாமல் இருந்ததை அந்தச் சின்னச் சன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது. மங்கலாக இருந்து, சிவப்புப் புள்ளி மினுக்கி, துலங்கியது. ஒரு காது. மேல்மடிப்பு லேசாக உள்ளே வளைந்த காது, வெஸ்னாவுக்கு இருப்பது போல. 'ட்சக்.' கறுகறுவென்ற ஈர முடி. கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாவது கால்விரல், அது அவனுடையது. மோவாயில் ஒரு குழி. கறுத்துப்போன உதடு. கண் இமையில் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக. லீயானின் விரலைச் சுற்றி அவள் வளைத்துவைத்த ஐந்து குட்டி விரல்கள்.

"மாரா," என்றாள் லீயான். அவர்கள் முன்பே பேசிவைத்திருந்த பெயர். "மாரா, அப்பா படம் எடுக்கறார் பாரு."

அவன் எடுத்தான். மண்டியிட்டு எடுத்தான். நாற்காலிமேல் ஏறி எடுத்தான். அழுகையில் கேமராவின் கண்ணாடி மங்கும்போது சட்டையால் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"போதும் நெவ். வந்து பக்கத்துல உக்காரு."

"வெளிச்சம் நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம்."

"கொஞ்ச நேரம் நீங்க வெச்சுக்கறீங்களா?" என்று பட்ரீஸ் ஒரு தடவை கேட்டார்.

"இதோ வரேன். இந்தப் பக்கத்துக் கை மட்டும்."

பிறகு அவன் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பாதிரியார் வந்தார். ஜெபம் நடந்தது, எல்லோரும் அழுதார்கள், லீயான் மாராவின் நெற்றியில் நெடுநேரம் உதட்டை வைத்துக்கொண்டிருந்தாள். நெவன் அதையும் எடுத்தான். வெளியே மேகம் கட்டி வெளிச்சம் போனது. பட்ரீஸ் வந்து, "நேரமாச்சு, கண்ணு," என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போனார்.

அடக்கத்தின்போது வெள்ளைப் பெட்டியைக் காரிலிருந்து குழி வரைக்கும் நெவனே தூக்கினான். அப்பா கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டான். கடல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. யாருடைய அழுகையும் அடுத்தவருக்குக் கேட்கவில்லை.

அக்டோபர் முழுக்க அவர்கள் கேமராவைத் தொடவில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பின், "படத்தைப் போடு," என்றாள் லீயான். இரண்டு நாற்காலிகளைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் பயந்த அளவுக்கு இல்லை. படங்கள் அழகாக இருந்தன. சன்னல் வெளிச்சத்தில் மாரா தூங்குகிற பிள்ளையாகவே தெரிந்தாள். காதைக் காட்டி லீயான் சிரித்தாள். "வெஸ்னா கிட்ட இதைக் குடுத்தா மாட்டி வெச்சுக்குவா." உள்ளங்கைப் படத்தைத் திரையில் விரலால் தடவினாள். "எவ்ளோ நல்லா எடுத்திருக்க நெவ்."

இன்னும் பார்த்தாள். பாதம், முடி, அவள் மடியில் மாரா, மாமியார் மடியில் மாரா, மாமனார் கையில் மாரா, வெஸ்னா தோளில் மாரா. கடைசிப் படம் வந்தது. அவள் பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள்.

"நீ எங்க?"

"நான்தான எடுத்தேன்."

"அதில்ல. நீ அவளைத் தூக்கின படம் எங்க?"

நெவன் அந்த மதியத்தை மனசுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தான். கை முழுக்கக் கேமரா. கடைசி வரைக்கும் கேமரா.

"நீ தூக்கவே இல்ல," என்றாள் லீயான். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

"நான் அவளைத்தான் பாத்துட்டு இருந்தேன் லீ. வேற எதையும் பாக்கல."

"கூப்பிட்டேனே. வந்து உக்காருன்னு சொன்னேனே."

"முடியல. அது வழியா மட்டும்தான் பாக்க முடிஞ்சது." சின்னக் குரலில், "பெட்டியைத் தூக்கினேன்," என்றான்.

"அது பெட்டி, நெவ்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு எழுந்து உள்ளே போனாள். கோபம் பிறகுதான் வந்தது. அடுத்த சில நாட்கள் சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் சண்டை. கழுவாத தட்டு, மூடாத கதவு, மத்தி நாற்றம். கடையை ஒரு தோழியிடம் விட்டுவிட்டு அவள் கவெல் என்ற ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். நெவன் வேலைக்குப் போனான். கூண்டின் விளிம்பில் நின்று மண்வாரியால் மத்தியை வீசும்போது, உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கிற இடத்தில் அழுதால் யாருக்கும் தெரியாது.

லீயான் திரும்பி வந்தாள். அவன் வாசலில் நின்றான். "உன்மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா அங்க உக்காந்து யார்கிட்டயும் அவளைப் பத்திப் பேச முடியல. உன்கிட்டதான் பேசணும்னு தோணுது." பையை வாங்கி உள்ளே வைத்தான்.

கோடைக்காலம் வந்ததும் நெவன் கேமராவைப் பையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பட்ரீஸைத் தேடிப் பிடித்து மேஜைமேல் வைத்தான்.

"இது வார்டுலயே இருக்கட்டும். கேமரா இல்லாம வர்றவங்க இருப்பாங்கல்ல."

"இருக்காங்க," என்றார் பட்ரீஸ்.

"ஒண்ணே ஒண்ணு. அப்பன்காரன் கையில இதைக் குடுக்காதீங்க. அவன் கையில கொழந்தையைக் குடுங்க. வேற யாராவது எடுக்கட்டும்."

பட்ரீஸ் அவனையே பார்த்தார். "அன்னிக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

"கேட்டீங்க. இதோ வரேன்னு சொன்னது நான்தான்."

"இங்க யாருக்கும் இதுல எடுக்கத் தெரியாதே கண்ணு. நீங்க வருவீங்களா, கூப்பிட்டா?"

"என்னால முடியாது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

ஆனால் குளிர் தொடங்கின சமயத்தில், ஒரு விடுமுறை நாள் காலையில் பட்ரீஸ் போன் செய்தபோது அவன் போனான். லீயான் தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அறையில் கட்டில்மேல் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்துத் தொட்டிலில் துணிச்சுருள். கணவன், வெயிலில் கறுத்த கழுத்தும் தூசி படிந்த பூட்ஸுமாக ஒரு கோதுமை விவசாயி, சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். நெவன் போய் அவன் பக்கத்தில் நின்றான்.

"படம் எடுக்கறவரா?" என்றான் அந்த ஆள், திரும்பாமலே.

"ஆமா."

"எடுத்துட்டுப் போங்க. நான் வெளிய நிக்கறேன்."

"நீ இருந்தாதான் எடுப்பேன். நீ தூக்கு. நான் எடுக்கறேன்."

"முடியாதுங்க. கை நடுங்குது. கீழ போட்டுருவேன்."

"உக்காந்துக்கோ. கைக்கு அடியில தலையணை வெச்சுக்கலாம்."

அந்த ஆள் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். இருவரும் வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்குக் கொழந்தைங்க இருக்கா?" என்று கேட்டான்.

"ஒரு பொண்ணு. மாரா. இங்கதான் பொறந்தா, இந்த மாதிரியே. நான் தூக்கல. படம் எடுத்துட்டே இருந்தேன். அப்புறம் கொண்டுபோயிட்டாங்க. இனிமே தூக்க முடியாது."

அப்போதுதான் அந்த ஆள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினான். பட்ரீஸ் குழந்தையை வைத்தார். நடுக்கம் தோள்வரை போய் அடங்கியது. கட்டிலில் இருந்த பெண் கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தாள். நெவன் கேமராவைக் கண்ணில் வைத்தான். படம் துலங்கி நின்றும் அழுத்தாமல் காத்திருந்தான். அந்த ஆள் குனிந்து பிள்ளையின் காதில் எதையோ சொன்னான். அப்போது அழுத்தினான். கொஞ்சமாகத்தான் எடுத்தான். எடுத்து முடித்ததும் கேமராவைப் பையில் போட்டு மூடிவிட்டு, நெருங்கிப்போய் வெறும் கண்ணால் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தான்.

வீட்டில் லீயான் தொட்டியருகே நின்று கையில் ஒட்டின முடிச்சாயத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"பொண்ணா, பையனா?"

"பையன்."

குழாயை நிறுத்தினாள். "அவர் தூக்கினாரா?"

"தூக்கினான்."

"எப்படித் தூக்கினார்?"

நெவன் இடது கையை மடக்கி, வலது கையை அதன் அடியில் கொடுத்துக் காட்டினான். காட்டின பிறகு கையைக் கீழே இறக்க அவனுக்கு வரவில்லை. சமையலறை நடுவில் அப்படியே நின்றான்.

லீயான் ஈரக் கையோடு அவன் முன்னால் வந்து நின்று அந்தக் கையைப் பார்த்தாள். முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"மாராவுக்குத் தலை இன்னும் மேல வரும்," என்றாள். "அவ நீளம். விரலை விரிச்சு வை. ம்... அப்படி."

அவன் விரலை விரித்து வைத்தான்.